டீச்சர் கூப்பிட்டாலும்

புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தீக்குச்சி அடுக்குவதுபோல் அடுக்கி உட்காரவைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவின் குமிழைத் திருகிப் பூட்டி, நானும் அவர்களோடு தரையில் குந்தியிருந்தேன். சன்னல்களில் சுருட்டி வைத்திருந்த கறுப்புத் தாளை இறக்கிவிட்டிருந்தேன். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் யாராவது ஆயுதத்தோடு நுழைந்துவிட்டால் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கான முதல் ஒத்திகை அது. பக்கத்து வகுப்புகளில் நாற்காலி இழுபடுவதும், யாரோ களுக்கென்று சிரிப்பதும், "உஷ், உஷ்" என்று டீச்சர்கள் அடக்குவதும் கேட்டுக்கொண்டிருந்தன. என் வகுப்பு மட்டும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்துக்கொள் அம்மா, இதற்குப் பெயர்தான் வளர்ப்பு என்று மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு மனதுக்குள்ளேயே சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நடைவழியில் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்து எங்கள் வாசலில் நின்றது. கதவு தட்டப்பட்டது.

அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து நின்று, அந்த இருட்டுக்குள், ராகம் போட்டு, "வணக்க்க்கம்! தங்கள் வரவு நல்வரவாகுக!" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டாசு ஓடிப்போய்க் குமிழைத் திருகிக் கதவை விரியத் திறந்துவிட்டாள். அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் வெடிக்கும் என்பதால் பள்ளிக்கூடம் முழுக்க அவள் பட்டாசுதான். அன்றைக்கு வகுப்புத் தலைவியாக இருக்கும் முறை அவளுடையது. கையில் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்த பாதுகாப்பு அதிகாரியை அவள் தலை நிமிர்த்திப் பார்த்து, "உள்ள வாங்க ஐயா, உக்காருங்க," என்று என் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அதிகாரி உட்காரவில்லை. இருட்டில் வரிசையாகப் பளபளத்த பற்களைப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்த என்னையும் பார்த்தார். "எல்லாரும் காலி டீச்சர்," என்றார். "நீங்களும்தான்."

என் மானம் கப்பலேறிவிட்டது. பிள்ளைகளை என்ன சொல்ல முடியும்? யார் கதவைத் தட்டினாலும் எழுந்து நிற்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், வகுப்புத் தலைவர் ஓடிப்போய்த் திறந்து நாற்காலி போட வேண்டும் என்பது என் வகுப்பின் பழக்கம். வேறு எந்த வகுப்பிலும் இது கிடையாது. வருகிறவர்கள் உச்சி குளிர்ந்து போவார்கள். ஆண்டு விழாவில் நல்லொழுக்கத்துக்கான கோப்பை வருடா வருடம் எங்களுக்குத்தான். அந்த அலமாரியின் மேல்தட்டில்தான் கோப்பைகள் எல்லாம் இருந்தன. ஆசிரியர் அறைக்குப் போனால் மூன்றாம் வகுப்பு டீச்சர் எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தாள். "ஏன் டீச்சர், வர்றவனுக்கு நாற்காலி மட்டும்தானா? குடிக்கத் தண்ணியெல்லாம் தர்றதில்லையா?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டிவைத்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமையாசிரியையை நாங்கள் இஸ்திரி என்போம். அவர் உடையில் ஒரு மடிப்புக் கலைந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. பேச்சும் அப்படித்தான், சூடாகவும் நேராகவும் இருக்கும். எல்லா வகுப்புக் கதவுகளுக்கும் புதிதாகப் போட்டிருந்த பூட்டுகளுக்கு உள்பக்கம் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு குமிழ், திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கக்கூடிய ஒரே சாவி இஸ்திரியின் கழுத்தில்தான் தொங்கியது. சாயங்காலம் அவர் அறைக்கு நான் போனபோது, அதிகாரி அந்தக் குமிழைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுப் பிள்ளைங்களுக்குத் தட்டினா திறக்கணும்னுதான் தெரியும் மேடம். குறை சொல்லல. ஒண்ணாம் வகுப்புக்கு மட்டும் உள்பக்கக் குமிழை எடுத்துடுவோம். வெளியில ஒரு பூட்டு போட்டுடலாம். சைரன் அடிச்சா காவலாளி ஓடிவந்து பூட்டிட்டுப் போகட்டும்."

"வெளியில போட்டுப் பூட்ட அவங்க என்ன கோழிக்குஞ்சா சார்?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "காவலாளி வர்ற வரைக்கும் ஆயுதத்தோட நுழைஞ்சவன் கைகட்டிக்கிட்டு நிப்பானா? காவலாளி கால் தடுக்கி விழுந்தா? உள்ள தீப்பிடிச்சா? அந்தப் பிள்ளைங்க கதவப் பிடிச்சுக் கத்திக்கிட்டு நிக்கணுமா?"

அவர் பேனாவை மூடினார். முன்பு போலீசில் இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூடிய பேனாவை மறுபடியும் திறந்து, மறுபடியும் மூடினார். "வேற ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் டீச்சர். எல்லாம் முடிஞ்சப்புறம் முதல்ல உள்ள போன ஆள் நான். அங்கயும் கதவு நல்ல கதவுதான். ஃபேன் ரிப்பேர் பண்ண வந்திருக்கேன்னு சொல்லியிருக்கான். திறந்துவிட்டது ஒரு குழந்தை." பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "அதனாலதான் சொல்றேன். வேற ஒண்ணும் இல்ல."

அந்தக் குழந்தையும் யாரோ ஒரு டீச்சரின் நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் என் பிள்ளைகளை வெளியே நின்று ஒருவர் பூட்டிவிட்டுப் போவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க மேடம்," என்றேன். "திறக்கக் கத்துக்கிட்டவங்க திறக்காம இருக்கவும் கத்துக்குவாங்க. நான் சொல்லித் தர்றேன்."

இஸ்திரி என்னைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். "சரி. ஆனா அடுத்த ஒத்திகை எப்பன்னு சொல்ல மாட்டேன். எப்படின்னும் சொல்ல மாட்டேன். அதுலயும் கதவு திறந்துச்சுன்னா அன்னிக்கே குமிழ் போயிடும், பூட்டு வந்துடும். அப்புறம் எங்கிட்ட வந்து கோழிக்குஞ்சுன்னு பேசக் கூடாது."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேனே தவிர, எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. பெரியவர்கள் பேச்சைக் கேளுங்கள், பெரியவர்கள் பேச்சைக் கேளுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியே நான் பிழைப்பு நடத்துகிறேன். இப்போது எந்த வாயால் கேட்காதீர்கள் என்பது? கத்தி, துப்பாக்கி என்றெல்லாம் பேசிப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கவும் எனக்கு மனமில்லை. மறுநாள் காலை அவர்களைக் கதவைச் சுற்றி உட்காரவைத்தேன். சைரன் அடித்தால் இந்தக் கதவு தூங்கப் போய்விடும், சாவிக்கு மட்டும்தான் கண் விழிக்கும், நாம் யாரும் அதை எழுப்பக் கூடாது என்றேன். உடனே விசாரணை தொடங்கிவிட்டது.

"போலீஸ் வந்து கூப்பிட்டா?"

"கூடாது."

"எங்கப்பா கூப்பிட்டா?"

"கூடாது."

"கடவுள் கூப்பிட்டா?"

"கடவுளுக்குக் கதவெல்லாம் வேண்டாம்டா. அவரு அப்படியே உள்ள வந்துடுவாரு."

அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. அப்போது ஓட்டைப்பல் கையைத் தூக்கினான். முன்பல் இரண்டும் விழுந்த பையன், பேசினால் பாதி காற்றாக வரும். "நீங்க வெளிய மாட்டிக்கிட்டா டீச்சர்? நீங்க கூப்பிட்டா?"

எனக்கு அந்தக் கேள்வி வரும் என்று தோன்றவே இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் கூப்பிட்டாலும்தான்," என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. நானே நம்பவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் மந்திரிசபை அமைந்தது. விளக்கு மந்திரி, சன்னல் மந்திரி, உஷ் மந்திரி. குமிழைத் திருகும் கதவு மந்திரிப் பதவியைப் பட்டாசுக்கே கொடுத்தேன். திறந்தவள்தானே பூட்ட வேண்டும்? "இன்னொரு தடவ திறந்தேன்னா நீங்க என்ன வேணா பண்ணுங்க டீச்சர்," என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். மறுநாள் நான் வாயால் சைரன் ஊதிவைத்த பயிற்சியிலேயே திறந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநரைக் கையில் காலி ஐஸ்கிரீம் டப்பாவோடு நான்தான் தட்டச் சொல்லியிருந்தேன். "உருகுது, உருகுது!" என்று அவர் வெளியே நின்று கத்தினார். மந்திரிசபை மொத்தமும் கவிழ்ந்தது. டப்பா காலி என்று தெரிந்ததும் அவர்கள் அடைந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே! ஏமாந்த கோபம் இருக்கிறதே, அது நல்ல வாத்தியார். அதற்குப் பின் தோட்டக்காரர் வந்து முயல் குட்டி என்றார், அலுவலகப் பையன் வந்து இன்றைக்குச் சீக்கிரம் விட்டாச்சு என்றான். கதவு அசையவில்லை.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப்போய், என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் காப்பீடு விற்கிறவர். வேண்டவே வேண்டாம் என்று கதவைச் சாத்துகிற வீட்டிலும் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற வாய் அது. அவர் தட்டக்கூட இல்லை. கதவில் சாய்ந்து முனகினார். "அம்மா... கால்ல அடிபட்டுடுச்சு... குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா கண்ணுங்களா..." நான் அவர் பக்கத்தில் நின்று கதவில் காதை வைத்துக்கொண்டேன். பிறகு காலடிச் சத்தம் கேட்டது. பட்டாசு தடுத்துப் பார்த்திருக்கிறாள். அவளைத் தாண்டி யாரோ குமிழைத் திருகிவிட்டார்கள். கதவு திறந்தது. ஓட்டைப்பல் தன் தண்ணீர்ப் புட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

என் வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. "இந்த வேலைக்கு இனிமே என்னக் கூப்பிடாதம்மா," என்று போய்விட்டார். மற்ற பிள்ளைகள் ஓட்டைப்பல்லைத் தின்றுவிடுவதுபோல் பார்த்தார்கள். என்ன சொல்லித் திட்டுவது அவனை? அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளையைத் திட்டுகிற நாக்கு எனக்கு இல்லை. அவனை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். "தண்ணி குடுக்கணும்னு தோணுச்சு பாரு, அது ரொம்ப நல்லதுடா. அத விட்டுடாதே. ஆனா சைரன் அடிச்ச நேரத்துல உனக்குப் பின்னால எத்தன பேரு உக்காந்திருக்காங்க, திரும்பிப் பாரு." அவன் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "அவங்களுக்கு அப்புறம்தான் வெளியில இருக்கிறவங்க. புரிஞ்சுதா?" தலையாட்டினான். புரிந்த தலையாட்டலா, என்னைச் சமாதானப்படுத்துகிற தலையாட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை அப்படி ஒரு முனகல் கேட்டால் அவன் திறந்துவிடுவான் என்றுதான் பயந்தேன். இவனைத் திறக்காதவனாக மாற்றுவதற்கு இவனிடமிருந்து எதையாவது பிடுங்கிவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வாரமே பட்டாசின் அம்மா விறுவிறுவென்று வந்தார். "என்ன டீச்சர் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீங்க? நேத்து மழையில என் வீட்டுக்காரரு வாசல்ல நின்னு தட்டோ தட்டுன்னு தட்டியிருக்காரு. இவ உள்ள இருந்துக்கிட்டு, எங்கப்பாகிட்ட சாவி இருக்கும், இல்லன்னா நீங்க எங்கப்பா இல்லங்கறா. மனுஷன் சாவிய ஆபீஸ்ல மறந்துட்டாரு. நான் போய்த் திறக்கிற வரைக்கும் நனைஞ்ச கோழியா நிக்கிறாரு!" நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகமே மாறிவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. "தும்மிக்கிட்டே இருக்காரு டீச்சர். ஆனா ராத்திரி அவரே சொல்றாரு, இனிமே அவளத் தனியா விட்டுட்டுக் கடைக்குப் போனாக் கூடக் கவலையில்லன்னு." ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மூன்றாம் வகுப்பு டீச்சர்கூட நாற்காலிப் பேச்சை எடுக்கவில்லை.

ஒத்திகை வரவே இல்லை. தினமும் காலையில் இஸ்திரியின் முகத்தைப் பார்ப்பேன். அதில் என்ன எழுதியிருக்கும்? ஒரு நாள் ஓவிய வகுப்பில் பிள்ளைகள் விரலால் சாயம் தொட்டு மரம் வரைந்துகொண்டிருந்தபோது, தலைமையாசிரியை கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. சாயத்தை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன். அறையில் இஸ்திரியும் அதிகாரியும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் இஸ்திரி சுவரிலிருந்த சைரன் பொத்தானை அழுத்தினார்.

"மேடம், நான் இங்க இருக்கேனே! பிள்ளைங்க தனியா..."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். வாங்க."

நடைவழியில் வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொண்டன. எங்கள் வகுப்புக் கதவு சாத்தியிருந்தது. அதிகாரி கைப்பிடியை அழுத்திப் பார்த்தார், பூட்டியிருந்தது. சன்னல் கண்ணாடி மேல் கறுப்புத் தாள் இறங்கியிருந்தது, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. பெரியவர் ஒருவரும் உள்ளே இல்லாமல், சாயம் தோய்ந்த கையோடு, அவர்களே செய்து முடித்திருக்கிறார்கள். நடைவழி என்றும் பார்க்காமல் ஒரு குதி குதித்திருப்பேன். அதற்குள் அதிகாரி என் காதருகே குனிந்தார்.

"இப்ப நீங்க கூப்பிடுங்க டீச்சர். திறக்கச் சொல்லுங்க."

"நானா?"

"ஐஸ்கிரீம்காரன், முயல்காரனுக்கெல்லாம் பிள்ளைங்க பழகிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். வர்றவன் உங்க கழுத்துல கத்திய வச்சுக் கூப்பிடச் சொன்னா?"

நான் இஸ்திரியைப் பார்த்தேன். "நிஜமாக் கூப்பிடணும்," என்றார் அவர். "நடிச்சா எனக்குத் தெரியும். நடிச்சு ஜெயிச்சா அது ஜெயமே இல்ல."

ஏமாற்ற எனக்கு வழி தெரியாமலா இருந்தது? வாழ்நாளில் அவர்களை நான் மாணவர்களே என்று கூப்பிட்டதில்லை. "மாணவர்களே, கதவைத் திறவுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது நம் டீச்சர் இல்லை என்று பட்டாசு ஊருக்கே சொல்லிவிடுவாள். குமிழ் தப்பிவிடும், வெளிப்பூட்டு வராது, நானும் காலரைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போகலாம். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் எனக்குத் தெரியாமலே இருக்கும், நிஜமாகக் கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பார்களா என்று. கதவில் உள்ளங்கையை வைத்தேன்.

"கண்ணுங்களா, டீச்சர் வந்துட்டேன். திறங்க."

ஒன்றும் இல்லை.

"முடிஞ்சுபோச்சுடா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. வந்து மரத்துக்கு இலை வரைய வேண்டாமா? சாயம் காஞ்சுடும்." கதை சொல்கிற நேரத்துக் குரல் அது. அந்தக் குரலுக்கு அவர்கள் எங்கே இருந்தாலும் ஓடிவந்து என் காலைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். வரவில்லை. கோபக் குரலுக்கு மாறினேன். "ஏய் கதவு மந்திரி! நான் சொல்றது காதுல விழலயா? இப்பத் திறக்கல, நாளைக்கு உங்கம்மாவ வரச் சொல்லுவேன்!" ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிற குழந்தை, அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி போதும் என்று சொல்லுவார் என்று திரும்பினேன். அவர் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, "பயந்த மாதிரி," என்று முணுமுணுத்தார்.

"எனக்குப் பயமா இருக்குடா," என்றேன். "வெளியில தனியா நிக்கிறேன். யாரோ வர்றாங்க. டீச்சர உள்ள விடுங்கடா. தங்கங்களா... திறங்கடா..."

சொல்லச் சொல்லவே என் குரல் உடைந்துவிட்டது. நடிப்பு எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியாது. உண்மையிலேயே அப்படி ஒரு நாள் வந்தால் நான் நிற்கப்போவது இந்த இடத்தில்தான், இதே கதவுக்கு வெளியேதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் இப்படித்தான் கெஞ்சுவேன். அன்றைக்கும் இவர்கள் காதில் அது விழவே கூடாது என்றுதான் என் உயிர் துடிக்கும். வாய் திற, திற என்றது. மனது திறக்காதே, என் செல்லமே, திறந்துவிடாதே என்று அடித்துக்கொண்டது. கண்ணீர் தாடையில் வழிந்தது. தேம்பிவிட்டேன், சத்தமாக.

உள்ளே யாரோ விசும்பத் தொடங்கி உடனே நின்றது. பிறகு காலடிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஜோடிக் கால்கள், அலமாரிப் பக்கத்திலிருந்து கதவை நோக்கி வந்துகொண்டிருந்தன. யாருடைய கால்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் தேம்பலைக் கேட்டுக்கொண்டு அவனால் உட்கார்ந்திருக்க முடியாது. குமிழில் கை பட்டது. உலோகம் லேசாகக் கிணுங்கியது. இஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன. அந்தப் பக்கம் ஒரு ஓட்டைப்பல் மூச்சு, இந்தப் பக்கம் எங்கள் மூன்று பேரின் மூச்சு. நடுவில் ஒரு பலகை.

குமிழிலிருந்து கை எடுபட்டது.

எடுத்துவிட்டான். எடுத்தே விட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது கீழே, கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில், ஏதோ அசைந்தது. வெள்ளையாக ஒரு முனை வெளியே வந்தது, கொஞ்சம் சிக்கிக்கொண்டது. நீலச் சாயம் அப்பிய குட்டி விரல் நுனிகள் அதைத் தள்ளின. போதவில்லை என்று ஒரு அளவுகோலைக் கொடுத்துத் தள்ளின. மார்பில் ஊக்கால் குத்திக்கொண்டு வருவார்களே, அந்தக் கைக்குட்டை. நான்காக மடித்திருந்தது. ஊக்கைக் கழற்றிவிட்டுத்தான் தள்ளியிருந்தான், எனக்குக் குத்திவிடக் கூடாது என்று.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சாயமும் சோப்பும் மணத்தன. அதிகாரி என் பக்கத்தில் ஒரு காலை மடக்கிக் குனிந்து, அந்த இடுக்கை விரலால் அளப்பதுபோல் பார்த்தார்.

"உள்ள ஆள் இருக்கிறது தெரிஞ்சுடுச்சு மேடம். முறைப்படி பாத்தா இது தப்பு. அடியில ஒரு பட்டை வச்சு அடைக்கணும்."

"அடைக்கலாம்," என்றார் இஸ்திரி. "பூட்டு?"

அவர் அட்டையைப் பார்த்தார். எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார். "எந்தப் பூட்டு மேடம்? டீச்சரே கெஞ்சித் திறக்காத கதவுக்கு வெளியில ஒரு பூட்டு எதுக்கு?" எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தை நினைத்திருப்பார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் நெஞ்சு ஊதிப் பெருத்து, அந்த நடைவழி எனக்குப் போதவில்லை. ஜெயித்துவிட்டார்கள். என்னை, என் குரலை, என் அழுகையை, எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கோப்பையாவது ஒன்றாவது!

இஸ்திரி கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். என் கன்னத்தில் நீலம் அப்பியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "திறக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க மேடம்," என்றேன். "இன்னும் கொஞ்சம்."

சாவியைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். இடுக்கில் அளவுகோல் மறுபடியும் வந்தது. மஞ்சள் கைக்குட்டை ஒன்று வெளியே நழுவியது. அதன் பின்னால் பூப்போட்டது ஒன்று, ஓரம் தைத்தது ஒன்று, மூக்குச் சிந்திக் கசக்கியது ஒன்று. சத்தமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, பச்சையும் சிவப்புமாய் விரல் அடையாளங்களோடு அவை வந்துகொண்டே இருந்தன. என் மடி நிறைந்து தரையில் விழுந்தன. கதவு இம்மிகூட அசையவில்லை.